நரம்பு பிடிபடும் சூடு

காலை ஐந்தரை, நிஜாமுதீன் பாலம்.
யமுனை இருக்கவேண்டிய பக்கத்தில்
வெறும் வெள்ளை.
முன்னே போகும் லாரியின் சிவப்புப் பொட்டை நம்பித்தான்
வண்டியை விடுகிறேன்.
கிளட்சைப் பிடித்திருக்கும் விரல்கள்
என்னுடையவைதானா என்பதை
பட்பட்கஞ்ச் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள்.
சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு,
வாய்விட்டுச் சொல்லாத வேறு சில.
முழங்கை மடிப்பில் என் விரல் பட்டதும்
தோள் வரைக்கும் சிலிர்க்கும்.
மேலே கிடந்த நரம்பு
உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்.
மார்கழியில் ஒருத்தருக்கு மூன்று தடவை குத்தினேன்.
மறுநாள் கைப்பேசியில் எனக்கு ஒற்றை நட்சத்திரம்.
தில்லி வானத்தில்
அது கிடைப்பதே அபூர்வம்தான்.

ஞாயிறு மதியம் கரோல்பாக் போனேன்.
ஹெல்மெட்டுகள் தோரணமாய்த் தொங்கும் சந்தில்
குல்வந்த்தின் கடை, இரண்டு ஆள் அகலம்.
மணிக்கட்டில் பேட்டரி,
பொத்தானை அமுக்க அமுக்க
சிவப்பு, வெள்ளை, நீலம்.

முதல் ஜோடி
தலையணைக்குள் கைவிட்ட மாதிரி.
ஹாரன் எது, இண்டிகேட்டர் எது, ஒன்றும் தெரியவில்லை.
இரண்டாவதில் கட்டைவிரல் இடுக்கில் ஒரு தையல்.
கடையில் அது தையல்;
நாற்பது கிலோமீட்டர் போனால் புண்.
மூன்றாவதின் சூடு புறங்கையோடு சரி,
வாசல்வரை வந்துவிட்டு
'இன்னொரு நாள் வர்றோம்' என்று போகும் உறவுக்காரர் போல.

வெளியே என் பழைய வண்டிமேல் ஏறி உட்கார்ந்து
ஒவ்வொன்றாய்ப் போட்டு
கிளட்சை இருபது முறை அமுக்கிப் பார்த்தேன்.
சாவியை எடுத்தேன், போட்டேன், எடுத்தேன்.
குல்வந்த் கேட்டான், "என்ன வேலை உங்களுக்கு?"
"ரத்தம் எடுப்பது."
"அட, நானும் அதேதான்" என்று சிரித்து
நாலாயிரத்து இருநூறு சொன்னான்.

நாலாவது ஜோடி மெலிசான ஆட்டுத்தோல்.
கம்பி நகக்கண் வரைக்கும் ஓடியிருந்தது.
ஒரு அளவு சின்னதுதான் பிடித்தாற்போல் இருந்தது.
"வேண்டாம், உள்ளே கொஞ்சம் காற்று இருக்கணும்,
இறுக்கினால் ரத்தம் ஓடாது"
என்று எனக்கே பாடம்.
மூவாயிரத்து அறுநூறுக்கு முடிந்தது.

அப்புறம் பத்து நாள் ராஜா நான்.
பின்சீட்டுப் பெட்டியில் குழாய்களுக்கு ஐஸ்,
முன்னால் விரல்களுக்கு அடுப்பு,
நடுவில் மஃப்ளர் சுற்றிய ஆள்.

பதினொன்றாம் நாள்.
மயூர் விஹார், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
ஷாலினி நய்யார், வயது நாற்பத்தாறு.
ஆறு சுற்று மருந்து ஏறி
நரம்பெல்லாம் தலைமறைவு.
கையை நீட்டும்போதே மன்னிப்பும் கேட்டார்,
"இதில் கிடைக்காது. அதிலும் கிடைக்காது."
தட்டினேன். தேய்த்தேன். மூடித் திறக்கச் சொன்னேன்.
என் விரல்கள் சூடாகத்தான் இருந்தன,
குளிர்ந்து கிடந்தது அவர் கை.

ஹெல்மெட்டுக்குள் கிடந்த வலது கையுறையை எடுத்து
"இதைப் போட்டுக்குங்க" என்றேன்.
முழங்கைக்குப் பக்கம் வரை விழுங்கிவிட்டது.
சிவப்பு எரிந்தது.
கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர்
இல்லாத கைப்பிடியை
மெல்ல முறுக்கினார்.
பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்த மகன்
ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனான்.
ஏழு நிமிடம்.
எந்த ஊருக்குப் போனாரோ,
நானும் கேட்கவில்லை.

கழற்றியபோது
புறங்கையில் நீலமாய் ஒரு கோடு,
சுண்டுவிரல் பக்கம், லேசாய் வளைந்து.
ஒரே குத்து.

திரும்பும்போது வலதில் பேட்டரி தீர்ந்திருந்தது.
பாலத்துக்கு முந்தின சிக்னலில்
இடதுகையை வலதின்மேல் வைத்துக்கொண்டேன்.
நூற்றிருபது நொடிச் சிவப்பு.
பின்னாலிருந்த ஆட்டோ ஹாரன் அடித்தது,
நூற்றுப் பதினெட்டிலேயே.